துருக்கை

பூனாவிலிருந்து திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்தபோது வளையங்களின் மேல் விரல்கள் இருந்தன.

விரல் தடங்கள். கண்ணாடி மாதிரி மின்னவேண்டிய எஃகு வளையத்தில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாகப் பதிந்திருந்தன. துருவால் வரைந்த ரேகை. நாற்பது பெட்டி. ஒரு பெட்டிகூடத் தப்பவில்லை.

பிரித்தவள் ஷைனி. ஆறு வாரத்துக்கு முன் அவற்றைக் கட்டியதும் அவள்தான். அவளும் இன்னும் பத்துப் பெண்களும். ஒன்பது வருஷமாக அதே மேசை. வளையத்தைத் துடைப்பது, எண்ணெயில் முக்குவது, வடியவிட்டு உறையில் போடுவது, பெட்டியில் அடுக்குவது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த பேரிங் கம்பெனியின் மேல்தளத்தில் கடைசலும் உரசலும் நடந்தன. பேக்கிங் மட்டும் பூமிக்குக் கீழே, பேஸ்மென்ட்டில். பதினெட்டுப் படி இறங்கவேண்டும்.

"அய்ய, இது உன் கையாட்டம் இருக்குதே," என்று செண்பகம் ஒரு வளையத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பேக்கிங்கில் மூத்தவள் அவள். வாய் சும்மா இருக்காது. "இல்ல இல்ல, என்னுது. பாரு, கரண்டி புடிச்சே தேஞ்சி போன கை."

ஷைனிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து மேலே ஆபீசில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது பெட்டி திரும்பி வந்தால் அது யார் தலையிலாவது விழுந்தாகவேண்டும். எப்போதும் படி இறங்கித்தான் விழும்.

பதினோரு மணிக்குத் தணிகைவேல் இறங்கி வந்தான். தரம் பார்க்கிற பிரிவுக்கு அவன்தான் இன்சார்ஜ். கம்பெனி நிற்கிற நிலத்தில் பாதி அவன் அப்பா விற்றது. பின்சுவருக்கு அப்பால் மிச்சமிருந்த நெல்வயல் இன்னும் அவர்களுடையது. ஷைனியின் அம்மா மேரி அந்த வயலில் இருபது வருஷம் நாற்று நட்டவள். இது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் மட்டும் அவ்வப்போது அதைச் சொல்லிக்காட்டுவான்.

கையில் ஒரு டிரே. டிரேயில் உள்ளங்கை அகலத்துக்குப் பன்னிரண்டு எஃகுத் தகடுகள். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

"எல்லாரும் வலது கை க்ளவுஸக் கழட்டுங்க. வரிசையா வாங்க."

"இன்னாத்துக்கு சார்?" என்றாள் செண்பகம்.

"டெஸ்ட்டு. சில பேரு கைவேர்வை இரும்பத் தின்னும். யாரு கைன்னு கண்டுபுடிக்கணும்."

ஒவ்வொரு தகட்டாக எடுத்து, இடது கையால் ஒரு மூலையைப் பிடித்து நீட்டினான். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். பத்து எண்ணச் சொன்னான். பிறகு தகட்டின் பின்னால் மார்க்கரால் நம்பர் போட்டான்.

"சொத்து எதுனா எழுதி வாங்குறியா சார், கைநாட்டு கேக்குற?" என்றாள் செண்பகம் அழுத்திக்கொண்டே. "என்னாண்ட ரெண்டு ஆடுதான் கீது. அதுல ஒண்ணு நொண்டி."

பெண்கள் சிரித்தார்கள். தணிகைவேலும் லேசாகச் சிரித்தான். ஷைனியின் முறை வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. அவள் அழுத்தினாள். பத்து எண்ணினாள். அவன் ஏழு என்று எழுதினான்.

பதினொரு தகடு முடிந்தது. மீந்த ஒன்றை டிரேயிலேயே விட்டு, டிரேயைப் பின்சுவர் ஓரத்து ரேக்கில் வைத்தான்.

"நாளைக்குக் காலைல தெரிஞ்சிரும்."

அந்த ரேக்கில் எதையும் வைக்கக்கூடாது என்பது பேக்கிங்கில் எல்லாருக்கும் தெரியும். அங்கே வைத்த அட்டைப்பெட்டி மூன்று நாளில் ஊறிய ரொட்டி மாதிரி ஆகிவிடும். ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் நின்றால் பின்சுவர் முழங்கால் உயரத்துக்கு நனையும். பெயின்ட் உப்பி உதிரும். மேலே வெள்ளை உப்புப் பூக்கும்.

சுவர் முன்பும் நனைந்தது. ஆனால் முன்பு காய்ந்தது. பேஸ்மென்ட் கட்டியவன் இரண்டு ஓட்டை வைத்திருந்தான். கிழக்குச் சுவரில் தரையோடு ஒட்டி ஒன்று, காற்று வருவதற்கு. மேற்கில் கூரையை ஒட்டி ஒன்று, காற்றாடி வைத்து வெளியே தள்ளுவதற்கு. காற்று கீழே நுழைந்து, அறையைச் சுற்றி, ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். கிழக்கு ஓட்டை வழியாகக் கூடவே பக்கத்து உருக்காலையின் கரியும் வரும். வெள்ளைத் தரையில் மிளகுத்தூள் மாதிரி உட்காரும்.

மார்ச்சில் வெளிநாட்டு ஆடிட் வந்தது. ஆடிட்காரன் வெள்ளைத் துணியால் தரையைத் துடைத்துப் பார்ப்பான் என்று யாரோ சொன்னார்கள். தணிகைவேல் இரண்டு ஓட்டைக்கும் தகரம் வைத்து அடைத்து, ஓரத்தில் சிலிக்கான் பூசச் சொன்னான். ஷிப்டுக்கு மூன்று தடவை ஈரத்துணியால் தரையைத் துடைக்கச் சொன்னான். ஆடிட்காரன் வந்தான். தரையைப் பார்த்தான். தலையாட்டினான். போனான். தகரம் போகவில்லை. ஈரத்துணியும் போகவில்லை. எட்டு மாதமாகப் பதினொரு பேரின் மூச்சும், மூன்று வேளை வாளித் தண்ணீரும், வயலின் ஊற்றும் அந்த அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. பத்து மணிக்கெல்லாம் க்ளவுஸ் பிழிகிற மாதிரி ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு ஜோடி க்ளவுஸ்; விரல்நுனி கிழிந்தாலும் அதேதான்.

இதெல்லாம் ஷைனிக்குத் தெரியும். செண்பகத்துக்குத் தெரியும். துடைப்பக்கட்டைக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் இறங்கியபோது தணிகைவேல் முன்பே வந்து நின்றிருந்தான். ரேக்கிலிருந்து ஒரே ஒரு தகட்டை எடுத்துவந்து, மூலையைப் பிடித்து எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான். நடுவில் ஒரு கட்டைவிரல். செங்கல் நிறம். ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஏழாம் நம்பரு."

பெண்கள் ஷைனியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மத்தவங்களுது லேசா இருக்குது, இல்லாமலும் இருக்குது. இதப் பாருங்க. ஏம்மா, நீ மேரி மவதானே? உங்கம்மாவுக்கும் கை எப்பவும் ஈரமா இருக்கும்னு எங்க அப்பாரு சொல்வாரு. ஒடம்புல உப்பு. பரம்பரையா வர்றது. உன்னக் குத்தம் சொல்லல."

ஷைனிக்குக் காதுக்குள் சூடு ஏறியது. அம்மாவின் கை ஈரமாக இருந்தது உண்மை. இவன் வயலில் தண்ணீர் நின்றது, அவள் கை அதற்குள் இருந்தது. அந்தக் கை நட்ட நெல்லை இவன் வீட்டில் அள்ளி அள்ளித் தின்றார்கள். அப்போது உப்புக் கரிக்கவில்லை.

"சார்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "சுவத்துல தண்ணி ஒழுவுது. ரெண்டு ஓட்டையும் அடைச்சி வெச்சிருக்கீங்க. ஆணி வெச்சாக்கூட இங்க துரு புடிக்கும். என் கைய சொல்றீங்க."

"ஈரம் இருக்குதுன்றியா?"

"இருக்குது."

அவன் அவசரப்படவில்லை. தூணில் தொங்கிய ரெஜிஸ்டரை எடுத்தான். ஈரம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்து ஷிப்டுக்கு ஒரு தடவை எழுதவேண்டிய ரெஜிஸ்டர். பக்கத்தைப் புரட்டினான். இன்னொரு பக்கம். இன்னொன்று.

"அம்பத்தஞ்சு. அம்பத்தஞ்சு. அம்பத்தஞ்சு. அறுபது வரைக்கும் நல்லதுன்னு மேலயே அச்சடிச்சிருக்குது. இது யாரு கையெழுத்தும்மா?"

அவள் கையெழுத்து. பாதிக்கு மேல் அவளுடையது.

மார்ச்சில் முதல் தடவை அவள் மீட்டரைப் பார்த்து எழுபத்தெட்டு என்று எழுதினாள். தணிகைவேல் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, "அம்பத்தஞ்சுன்னு எழுது. ஆடிட் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றான். அவள் எழுதினாள். அடுத்த நாளும் எழுதினாள். அதன்பிறகு யாரும் மீட்டரைப் பார்ப்பதில்லை. மீட்டரின் கண்ணாடி உள்பக்கம் மங்கிப்போய் முள்ளே தெரியாது. ஐம்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது, வந்ததும் தலைமுடியை முடிந்துகொள்வது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது.

"பேசும்மா."

அவன் மேலிருந்த கோபம் அப்படியே திரும்பித் தன்மேல் பாய்ந்தது.

சுவரில் ஒரு வெள்ளை போர்டு இருந்தது. அன்றைக்கு எத்தனை பெட்டி என்று எழுதுகிற போர்டு. தணிகைவேல் அதன் வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, மேலே 'துருக்கை' என்று எழுதினான். கீழே எழுதினான்: ஷைனி (7).

"நாளைலேருந்து நீ யார்டுல. கான்ட்ராக்ட் ஆளுங்களோட இரும்புச் சுருளு அள்ளு. இங்க எதையும் தொடாத."

தகட்டை அவள் பக்கம் மேசைமேல் வீசினான். கிணுங் என்று விழுந்தது.

"இத வெச்சுக்கோ. ஊட்ல மாட்டி வை."

அன்று முழுக்க அவள் பெட்டிக்கு நாடா ஒட்டினாள். வளையத்தைத் தொடவில்லை. எதிரே போர்டில் அவள் பெயர். தலையைத் தூக்கும்போதெல்லாம் அது இருந்தது.

சாயங்காலம் கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினார்கள். ஏழு பேர் உட்காரும் ஆட்டோவில் பத்துப் பேர். பேக்கிங்கில் இளையவள் பூமிகா. போன வருஷம்தான் சேர்ந்தாள்.

"ஷைனிக்கா, அந்தக் கம்பிய புடிக்காதக்கா. அண்ணன் நாளைக்குப் புது கம்பி போடணும்."

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. டிரைவருக்கு விஷயம் தெரியாது, அவனும் சிரித்தான். ஷைனி கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் எடுத்தது தெரிந்தது. தானே எடுத்திருக்கிறாள். தன் ஊரான புதுவாயலுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"அக்கா, சும்மாக்கா, தமாசுக்கு..." என்று பூமிகா கத்தியது பின்னால் கேட்டது. லாரிகள் இரைந்து போகும் ரோட்டோரத்தில் அவள் நடந்தாள். பைக்குள் தகடு டிபன் பாக்ஸில் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

புருஷன் பீட்டர் வேலை முடிந்து வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். அவன் காட்டுப்பள்ளியில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். இன்றைக்குச் சிவப்பு.

"இன்னாடி, வெங்காயத்த அரியுறியா, கொல பண்றியா?"

அவள் சொன்னாள். வெட்டிக்கொண்டே சொன்னாள். பரம்பரை என்ற இடம் வந்தபோது கத்தியை வைத்துவிட்டாள்.

பீட்டர் தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "கிறுக்கனா அவன்? எங்க யார்டுல ஒரு மீட்டரு கீது. ஈரம் எண்பத்தஞ்சத் தாண்டுச்சுன்னா ஃபோர்மேன் பிரஷ்ஷ கீழ வைன்னுருவாரு. மழ நாள்ல பாதி நேரம் குந்திக்கினு பேன் பாக்குறோம். காத்து எப்டி கீதுன்னுதான் பாப்பாங்க. எவன் கைல உப்புன்னு ஒருத்தனும் கேட்டதில்ல."

"இங்க மீட்டரு அம்பத்தஞ்சு. நான்தான் எழுதி வெச்சேன்."

"ஏன் எழுதுன?"

"சொன்னாங்க, எழுதுனேன். நீ உங்க ஃபோர்மேன் சொன்னா எழுத மாட்டியா?"

அவன் கழுத்திலிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டினான். "நான் வந்து கேக்கட்டா?" என்றான்.

"நீ வந்து இன்னா கேப்ப? ஒதைச்சிட்டு வந்துருவ. ரெண்டு பேருக்கும் வேல போவும். வுடு."

அவன் குளிக்கப் போனான். அவள் தகட்டைப் பிடுங்குவது மாதிரி எடுத்தாள். குப்பையில் போடத்தான் எடுத்தாள். டியூப்லைட் வெளிச்சம் அதன் மேல் சாய்வாக விழுந்தது.

மூலையில் இன்னொரு விரல் இருந்தது.

நடுவில் இருந்தது அவளுடையது. மூலையில் இருந்தது பெரிது. அகலம். பாதிதான் தகட்டின் மேல் விழுந்திருந்தது. ஆனால் அதுவும் செங்கல் நிறம்தான். கோடு கோடாகத் தெளிவாகவே இருந்தது.

தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றி மீந்தது. குளித்துவிட்டு வந்த பீட்டரின் கையைப் பிடித்து இழுத்து அவன் விரலை வைத்தாள். கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. ஆம்பளை விரல்.

அவளுக்கு அது கண் முன்னால் தெரிந்தது. நேற்று அவன் இடது கையால் இந்த மூலையைப் பிடித்து நீட்டினான். காலையில் தூக்கிக் காட்டியபோதும் இதே மூலை. அவன் விரல்மேலேயே அவன் விரலை வைத்து மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனுக்கே தெரியாமல். க்ளவுஸ் அவன் போடவில்லை. அவன் கைக்கு எதற்கு க்ளவுஸ்?

"பதினொண்ணையும் அவன்தான் புடிச்சான்," என்றாள்.

"எவன்?"

"நாளைக்குச் சொல்றேன். என் கை. நானே கேக்குறேன்."

காலையில் அவள் யார்டுக்குப் போகவில்லை. நேராகப் படி இறங்கினாள். செண்பகத்திடம் தகட்டைக் காட்டினாள். செண்பகம் மூலையைப் பார்த்தாள். ஷைனியின் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. பின்சுவர் ரேக்குக்குப் போனாள். வைத்த இடத்திலேயே டிரே இருந்தது. காரியம் முடிந்த பிறகு அதை எடுத்துப்போகும் வேலையைத் தணிகைவேல் எந்தக் காலத்தில் செய்தான்?

மேசைமேல் பரப்பினார்கள். பத்துத் தகடு. நடுவில் பெண்களின் விரல்கள்; சிலது லேசாக, சிலது தெரியாமல். மூலையில் பத்திலும் ஒரே விரல். பெரியது. சிவந்தது.

பெண்கள் சுற்றி நின்றார்கள். பூமிகா எட்டிப் பார்த்தாள். தன் நம்பரைத் தேடினாள். அவளுடைய தகட்டின் மூலையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் சிறுத்தது.

"டிரேல இன்னொண்ணு கீதே," என்றாள் செண்பகம். யாரும் தொடாத பன்னிரண்டாவது தகடு. முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, அம்மை போட்ட மாதிரி. "இது யாரு கைடி? பேய் வந்து அமுக்கினு போச்சா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. யாரும் சொல்லாமலே ஒவ்வொருத்தியாக க்ளவுஸைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள்.

அன்றைக்குப் பத்து மணிக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு லோடு போகவேண்டும். லாரி வாசலில் நின்றது. ஒன்பது மணிக்கு, பெட்டிகளை மேலே ஏற்றும் கன்வேயர் நின்றிருப்பதாக மேலே தெரிந்தது. ஒன்பதேகாலுக்கு மேனேஜர் வெங்கடேசனே இறங்கி வந்தார். பின்னால் தணிகைவேல்.

"இன்னாம்மா பேஜாரு இது? லாரி நிக்குது."

"நீ யார்டுக்குப் போவல?" என்றான் தணிகைவேல்.

ஷைனி அவனைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தாள். "சார், இவரு டெஸ்ட்டு வெச்சாரு. என் கை துருக்கைன்னு எழுதிட்டாரு. இத வந்து பாருங்க."

வெங்கடேசன் குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். ஒரு தகடு. அடுத்தது. அடுத்தது. பாதியில் தணிகைவேலுக்கும் புரிந்துவிட்டது. அவன் இடது கை தானாக பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது.

"புடிக்கச் சொல்ல பட்டிருக்கும் சார். நான் பேக்கிங் பண்றவன் இல்லியே. என் கை கணக்குலயே வராது."

"துரு புடிச்சிருக்குதா இல்லியா?" என்றாள் ஷைனி. "என்னுது ஒண்ணு. உங்களுது பதினொண்ணு. எனக்குப் பரம்பரைன்னீங்க. உங்களுக்கு எங்கேந்து வந்துச்சு? உங்க அப்பாரு எந்தத் தண்ணில கை வெச்சாரு?"

"மரியாதையாப் பேசு."

"எங்கம்மாவப் பேசுனப்போ மரியாத இன்னா யார்டுக்குப் போயிருந்துச்சா?"

"ஏய்..."

"தணிகைவேல்," என்றார் வெங்கடேசன். பன்னிரண்டாவது தகடு அவர் கையில் இருந்தது. ஓரங்களை மட்டும் இரண்டு நகத்தால் பிடித்திருந்தார். "இத யாரு தொட்டது?"

"யாரும் தொடல சார்," என்று நாலைந்து குரல்கள் வந்தன.

"ரூம்ல ஈரமா?"

தணிகைவேல் தூணுக்குப் போனான். ரெஜிஸ்டரை எடுத்து நீட்டினான். "அம்பத்தஞ்சு சார். எட்டு மாசமா. இவளே எழுதுனது."

ஷைனி அந்த ரெஜிஸ்டரைப் பார்த்தாள். இதைச் சொன்னால் வேலை போகலாம். பொய்யாக எழுதியதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒருவனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். சொல்லாவிட்டால் போர்டில் பெயர் இருக்கும். இரும்புச் சுருள் அள்ளலாம். ஆட்டோவில் கம்பியைப் பிடிக்காமல் வரலாம்.

"நான்தான் எழுதுனேன்," என்றாள். "பொய்தான் எழுதுனேன். மொத நாளு எழுபத்தெட்டுன்னு எழுதுனேன், இவரு தாளக் கிழிச்சாரு. அம்பத்தஞ்சுன்னு எழுதச் சொன்னாரு. அதுக்கு எனக்கு இன்னா செய்யணுமோ செய்யுங்க. ஆனா கைய சொல்லாதீங்க."

"நானும்தான் எழுதுனேன் சார்," என்றாள் செண்பகம். "வியாழக்கிழம எல்லாம் என்னுது."

"நானும்," என்றாள் பூமிகா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வெங்கடேசன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ராஜமாணிக்கத்தை வரச் சொன்னார். அவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து மீட்டரின் மூடியைக் கழற்றினார். கண்ணாடியின் உள்பக்கத்தைச் சட்டைத் துணியால் துடைத்தார். முள் தெரிந்தது.

"தொண்ணூத்தொண்ணு."

"ஓட்டைய எதுக்கு அடைச்சது?"

"ஆடிட்டுக்கு சார்," என்றான் தணிகைவேல். "கரி வருது. தரை வெள்ளையா இருக்கணும்னு நீங்கதான்..."

"ஆடிட்டுக்கு அடைச்சா ஆடிட் முடிஞ்சதும் தொறக்கணும். தொறங்கய்யா."

ராஜமாணிக்கம் கிழக்குச் சுவரில் மண்டியிட்டு சிலிக்கானைக் கத்தியால் அறுத்தார். தகரம் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தத்தோடு விட்டது. எட்டு மாதமாக வெளியே சேர்ந்திருந்த கரி உள்ளே கொட்டியது. ஏணி போட்டு மேற்குப் பக்கத்துத் தகரத்தையும் எடுத்தார். காற்றாடியைப் போட்டார். அது முதலில் முனகியது, பிறகு சுற்றியது. கணுக்காலில் காற்று பட்டது. ஷைனிக்கு அழுகை வந்தது, வந்த வேகத்திலேயே அதை விழுங்கினாள்.

"காத்து வர்ற எடத்துல வடிகட்டி போட்டா கரி நின்னுரும் சார்," என்றார் ராஜமாணிக்கம். "பின்சுவத்துக்கு வெளில ஒரு வாய்க்கா வெட்டி வயல் தண்ணிய அப்டிக்கா திருப்பி வுடணும். அப்றம் அந்த ஈரத்துணி மொத நிக்கணும். இதெல்லாம் மார்ச்சுலயே சொன்னேன்."

"இப்ப சொல்லு போதும்." வெங்கடேசன் கடிகாரத்தைப் பார்த்தார். மேலே லாரி ஹாரன் அடித்தது. "சரிம்மா. நீ யார்டுக்கெல்லாம் போவ வேணாம். ரெஜிஸ்டரு விஷயத்த அப்றம் பேசிக்கலாம். உன் எடத்துல நில்லு. தணிகைவேல், போர்ட அழி. எல்லாரும் க்ளவுஸப் போடுங்க. சீக்கிரம்."

தணிகைவேல் டஸ்டரை எடுத்தான். அழிக்கும்போது அவனுக்கு அது சுலபமாக இருந்தது. அவள் பெயரை எழுதியபோது இருந்த அதே சுலபம். அதைப் பார்த்ததும் ஷைனிக்குள் மிச்சமிருந்தது எல்லாம் கொதித்தது.

"அழிக்காதீங்க."

டஸ்டர் பாதியில் நின்றது.

"அதான் சரி பண்ணியாச்சே," என்றார் வெங்கடேசன். "இன்னும் இன்னா?"

"என் பேரு இருக்கட்டும் சார். அழிக்க வேணாம். அது கீழ இவரு பேர எழுதச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"டெஸ்ட்டு வெச்சதே இவருதானே? டெஸ்ட்டுல வந்தத எழுதணும்ல?"

தணிகைவேல் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "என்னா சார் இது, இவ சொல்லி..."

யாரும் க்ளவுஸைத் தொடவில்லை. பதினொரு ஜோடி க்ளவுஸ் மேசைமேல் கிடந்தது. செண்பகம் கைகளைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. மேலே ஹாரன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக.

"எழுதுய்யா," என்றார் வெங்கடேசன்.

"சார்..."

"கப்பல் உனக்காக நிக்குமா? எழுது."

அவன் மார்க்கரை எடுத்தான். மூடியைக் கழற்ற நேரமானது. ஷைனியின் பெயருக்குக் கீழே, அதைவிடச் சின்னதாக, தணிகைவேல் என்று எழுதினான். மூடியை மாட்டப் போனான்.

"நம்பரு?" என்றாள் ஷைனி.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"என் பேருக்குப் பக்கத்துல ஏழுன்னு போட்டீங்க. உங்க பேருக்கு நம்பரு போடல."

வெங்கடேசன் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முள் தொண்ணூற்றொன்றிலிருந்து ஒரு கோடு இறங்கியிருந்தது.

தணிகைவேல் அடைப்புக்குறி போட்டான். உள்ளே எழுதினான்: 1 முதல் 11 வரை.

ஷைனி தன் இடத்துக்குப் போனாள். க்ளவுஸைப் போட்டாள். முதல் வளையத்தைத் துடைத்து எண்ணெயில் முக்கினாள். கிழக்கு ஓட்டை வழியாகக் கரி ஒவ்வொரு துகளாக வந்து வெள்ளைத் தரையில் உட்கார்ந்தது. தண்ணீர் வாளி மூலையில் இருந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.